சீனிவாச இராமானுசனின் இங்கிலாந்து வாழ்வும் உணவும்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 – ஏப்ரல் 26, 1920) உலகப் புகழ் பெற்ற தமிழ்நாட்டுக் கணித மேதை ஆவார். கொங்கு நாட்டின் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இவர், 1914 முதல் 1919 வரை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இங்கிலாந்தில் வாழ்ந்தார். இவருடைய புகழ்பெற்ற ஆய்வுகள் பலவும் வெளிவந்தது அக்காலத்தில்தான். இவருடைய உடல்நலம் முற்றிலும் கெட்டதும் அக்காலத்தில்தான். கடும் மரக்கறி உணவு ஒழுக்கம் உடைய ஒருவர், முதல் உலகப்போர்க் கால இங்கிலாந்தில் எங்கே, எதை உண்பது என்னும் கேள்வி இவருடைய வாழ்வின் போக்கைப் பெரிதும் பாதித்தது. இக்கட்டுரை இவருடைய வாழ்வை அந்தக் கோணத்தில் விளக்குகிறது.

பிறப்பும் இளமையும்

இராமானுசன் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் ஈரோட்டு முன்சீப் நீதிமன்றத்தில் அமீனாவாகப் பணியாற்றியவர். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் துணிக்கடை ஒன்றில் எழுத்தராக இருந்தார். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பாடுபவர். குடும்பம் வைணவ மரபைச் சார்ந்தது. இறைச்சி, மீன், முட்டை ஆகியன விலக்கப்பட்டிருந்ததோடு, யார் சமைத்தது, எந்தப் பாத்திரத்தில் சமைத்தது என்பனவும் அவ்வீட்டில் முக்கியமாகக் கருதப்பட்டன.

கணிதம் தவிர மற்ற பாடங்களில் நாட்டம் செலுத்தாததால், கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் இவர் தேர்ச்சி பெறவில்லை. 1909 இல் சானகியை மணந்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்ச் டிரினிட்டி கல்லூரிக் கணிதவியலாளர் ஆர்டிக்குத் தம் தேற்றங்களை எழுதி அனுப்பினார். அவற்றின் சிறப்பை உணர்ந்த ஆர்டி, இவரை இங்கிலாந்துக்கு அழைத்தார்.

கடல் கடந்த பயணம்

கடல் கடந்து செல்வது ஆசாரக் குறைவு என அக்காலத்தில் கருதப்பட்டதால் இராமானுசன் முதலில் மறுத்தார். குடும்பத்தின் குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார் கோயிலில் இவர் தங்கி வழிபட்டதாகவும், தாயார் கனவில் தோன்றி அனுமதி அளித்ததாகத் தாய் கூறியதாகவும் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகையும் பயணச் செலவும் வழங்கியது.

பயணத்திற்கு முன் இவருடைய குடுமி நீக்கப்பட்டது. மேலைநாட்டு உடை அணியவும் இவர் பழகினார். ஆயினும் உணவு ஒழுக்கத்தை மட்டும் விடப்போவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' என்னும் கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டு ஏப்ரல் 14 அன்று இலண்டனை அடைந்தார். அங்கே இந்திய மாணவர்களை வரவேற்றுத் தங்கவைக்கும் குரோம்வெல் சாலை இல்லத்தில் சில நாட்கள் தங்கிய பின், கேம்பிரிட்ச் சென்று கணிதவியலாளர் நெவிலின் வீட்டில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இருந்தார். சூன் மாதத்தில் டிரினிட்டி கல்லூரி அறைக்கு மாறினார்.

மரக்கறி உணவகங்களும் ஆசாரமும்

இலண்டனில் மரக்கறி உணவு கிடைக்காமல் இல்லை. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அந்நகரில் மரக்கறி உணவகங்கள் பல இருந்தன. 1888 இல் சட்டம் பயிலச் சென்ற மோகன்தாசு காந்தி, பல நாட்கள் அரைப்பட்டினியாகத் திரிந்து, பாரிங்டன் தெருவில் அத்தகைய உணவகம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு அவருடைய உணவுச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. மரக்கறியாளர் சங்கத்திலும் அவர் சேர்ந்து பணியாற்றினார்.

இராமானுசனின் நிலை வேறு. காந்திக்கு இறைச்சி இல்லாத உணவே போதுமானதாக இருந்தது. இராமானுசனுக்கோ இறைச்சி சமைத்த பாத்திரமும் அடுப்பும்கூட ஏற்புடையன அல்ல. கல்லூரி உணவுக்கூடத்தில் காய்கறி உணவும் கிடைத்தது. ஆனால் உருளைக்கிழங்கு போன்றவை பன்றிக் கொழுப்பில் பொரிக்கப்படலாம் என்ற ஐயத்தால் இவர் அங்கு உண்ணச் செல்லவில்லை. இதனால் உடன் பணியாற்றியோரோடு ஒரே மேசையில் அமர்ந்து பழகும் வாய்ப்பையும் இழந்தார்.

அறையில் சமையல்

இராமானுசன் தம் அறையிலேயே சிறிய அடுப்பு வைத்துச் சமைத்தார். அரிசி, காய்கறி, பழம், பால் முதலியன இவருடைய முதன்மை உணவுகள். புளி, மசாலாப் பொருட்கள் போன்றவை சென்னையிலிருந்து அஞ்சலில் வந்தன. கணிதத்தில் மூழ்கியிருக்கும்போது வேளை தவறி உண்பதும், நாளுக்கு ஒரு முறை மட்டும் சமைப்பதும் வழக்கமாயின. தொடர்ந்து 30 மணி நேரம் உழைத்துவிட்டு 20 மணி நேரம் உறங்கியதும் உண்டு எனக் கூறப்படுகிறது.

அடுப்பங்கரையோடு தொடர்புடைய புகழ்பெற்ற நிகழ்வு ஒன்று உண்டு. பின்னாளில் புள்ளியியல் அறிஞரான மகலனோபிசு, 1914 இல் 'சிட்ரான்ட்' இதழில் வந்த புதிர் ஒன்றை இவருக்குப் படித்துக் காட்டினார். 1, 2, 3 என எண்ணிடப்பட்ட வீடுகள் கொண்ட தெருவில், ஒரு வீட்டின் இடப்புற எண்களின் கூட்டுத்தொகை வலப்புற எண்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். வீடுகள் 50க்கு மேல், 500க்குள் எனில் அவ்வீட்டின் எண் யாது என்பதே புதிர். விடை 204, மொத்த வீடுகள் 288. வாணலியில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்த இராமானுசன், இந்த ஒரு விடையை மட்டுமன்றி எல்லா விடைகளையும் தரும் தொடர் பின்னத்தையே உடனே கூறினார்.

விருந்தினர்க்கு உணவளிப்பதில் இவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. ஒரு முறை இந்திய நண்பர்களை அழைத்து விருந்து படைத்தபோது, ரசத்தை மீண்டும் பரிமாற முற்பட, விருந்தினரில் பெண்கள் வேண்டாம் என்றனர். தம் சமையல் பிடிக்கவில்லை எனக் கருதி மனம் நொந்த இராமானுசன் வெளியேறி ஆக்சுபோர்டு சென்றுவிட்டார். சில நாட்கள் கழித்தே திரும்பினார்.

போர்க்காலத் தட்டுப்பாடு

இராமானுசன் இங்கிலாந்து சென்ற சில மாதங்களில், 1914 ஆகத்து 4 அன்று பிரித்தானியா போரில் இறங்கியது. நீர்மூழ்கிக் கப்பல்களின் தாக்குதலால் சரக்குப் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. காய்கறி, பழம், பால் ஆகியவற்றுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1918 இல் சர்க்கரை, வெண்ணெய், இறைச்சி முதலியவற்றுக்குப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. இறைச்சி உண்போர்க்கே கடினமான அக்காலத்தில், தேர்ந்தெடுக்க மிகச் சில பொருட்களே உடைய இராமானுசனின் நிலை மேலும் கடினமாயிற்று.

வெளியிடங்களில் நம்பி உண்ணவும் இயலவில்லை. இலண்டனில் இந்தியர்களுக்கு மரக்கறி உணவு சமைத்துத் தரும் தங்குமனை ஒன்றில் இவர் தங்கியிருந்தபோது, பாலில் கலக்கும் சத்துப் பானம் ஒன்று இவருக்கு அளிக்கப்பட்டது. பின்னர் அப்பானத்தின் தகரக் குவளையில் எழுதியிருந்ததைப் படித்து, அதில் முட்டை சேர்ந்திருப்பதை அறிந்தார். உடனே பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். வழியில் வான்வழிக் குண்டுவீச்சில் சிக்கிக்கொண்டதாகவும், அதனைத் தம் ஒழுக்கத் தவறுக்கான தண்டனையாகக் கருதி அஞ்சியதாகவும் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

நோயும் மருத்துவமனைகளும்

1917 இல் இராமானுசன் கடும் நோய்வாய்ப்பட்டார். கேம்பிரிட்ச் மருத்துவ இல்லத்திலும், மென்டிப் மலைப்பகுதியில் சௌரி முத்து என்னும் தமிழ் மருத்துவர் நடத்திய காசநோய் இல்லத்திலும், பின்னர் மேட்லாக்கிலும் சிகிச்சை பெற்றார். அங்கெல்லாம் உணவே பெரும் சிக்கலாயிற்று. 1918 இல் மேட்லாக்கில் இவரைக் கண்ட ஏ. எசு. இராமலிங்கம் என்னும் தமிழ்ப் பொறியாளர், உணவு நிலை குறித்துக் கவலையுடன் ஆர்டிக்கு எழுதினார்.

நோய், தனிமை, வீட்டிலிருந்து மடல்கள் வாராமை ஆகியவற்றால் மனம் தளர்ந்த இராமானுசன், இலண்டனில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். அதே 1918 இல்தான் அரச கழகத்தின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இலண்டனின் பட்னி பகுதியில் சிகிச்சை பெற்றபோதுதான், ஆர்டி வந்த வாடகை வண்டியின் எண்ணான 1729, இரு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதத்தக்க மிகச்சிறிய எண் எனக் கூறினார்.

அக்காலத்தில் இவருடைய நோய் காசநோய் எனக் கருதப்பட்டது. 1994 இல் மருத்துவர் டி. ஏ. பி. யங், நோய்க்குறிகளை ஆராய்ந்து, அது அமீபாவால் ஈரலில் ஏற்படும் நோயாக இருக்கலாம் என்றார். எனவே உணவுப் பற்றாக்குறையே நோய்க்குக் காரணம் என உறுதியாகக் கூற இயலாது. எனினும் அது நோயைத் தாங்கும் வலிமையைக் குறைத்தது எனலாம்.

தாயகம் திரும்பல்

1919 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு எழுதிய மடலில், தமக்கு அறிவிக்கப்பட்ட 250 பவுண்டு ஆண்டுத்தொகை தேவைக்கு மிகுதி எனவும், எஞ்சுவதை ஏழை மாணவர், ஆதரவற்றோர் கல்விக்குப் பயன்படுத்தவேண்டும் எனவும் கேட்டுக்கொண்டார். பிப்ரவரி 27 அன்று புறப்பட்டு மார்ச் 27 அன்று பம்பாயை அடைந்தார். அவ்வாண்டின் நடுவில், ஈரோட்டுக்குத் தெற்கே காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் சில காலம் தங்கினார். பின்னர் கும்பகோணத்திலும் இறுதியில் சென்னையிலும் வாழ்ந்தார்.

இறுதி மாதங்களில் சானகி உடனிருந்து சோறு, எலுமிச்சைச் சாறு, மோர் ஆகியவற்றை வேளை தவறாமல் அளித்தார். சானகி தம்முடன் இங்கிலாந்துக்கு வந்திருந்தால் தாம் நோயுற்றிருக்கமாட்டார் என்று கணவர் கூறியதாகச் சானகி பின்னாளில் நினைவுகூர்ந்தார். நோய்ப்படுக்கையிலும் இராமானுசன் கணிதத்தை விடவில்லை. 1920 சனவரி 12 அன்று ஆர்டிக்கு எழுதிய இறுதி மடலில் போலித் தீட்டா சார்புகளை அறிமுகப்படுத்தினார். ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32 ஆவது வயதில் காலமானார்.

இறுதிக்கால ஆய்வுகள் அடங்கிய தாள்களை 1976 இல் சார்ச்சு ஆண்ட்ரூசு டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தார். இவை 'தொலைந்த குறிப்பேடு' என அழைக்கப்படுகின்றன. 2012 முதல் இவருடைய பிறந்த நாளான டிசம்பர் 22 இந்தியாவில் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.