வீரமாமுனிவர்

கொள்ளிடத்தின் வடபால், இன்றைய அரியலூர் மாவட்டத்தில், ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் உள்ளது. வீரமாமுனிவர் பல்லாண்டு தங்கித் தமிழ்த்தொண்டு புரிந்த ஊர் அது. திருக்காவலூர் என அதற்குப் பெயரிட்டவரும் அவரே. அரியலூர்ப் பாளையக்காரரின் கொடிய பிளவை நோயை முனிவர் தீர்த்தார் என்றும், அந்நன்றிக்காக அவர் நிலம் வழங்கினார் என்றும் அப்பகுதியினர் கூறுவர்.

இத்தாலி நாட்டில் 1680-ஆம் ஆண்டு பிறந்த முனிவரின் இயற்பெயர் பெஸ்கி என்பது. சமயப் பணியின் பொருட்டு 1711-இல் தமிழகம் போந்து, முப்பது வயதிற்கு மேல் தமிழ் பயின்று, தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தை இயற்றினார். 3,615 பாக்கள் கொண்டது அந்நூல்.

தமக்குப் பின் ஐரோப்பாவினின்று வருவோர் தமிழ் பயில வழி காணவேண்டும் என்பது முனிவரின் கவலையாயிற்று. பேச்சுத்தமிழுக்கு 1728-இல் இலத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். சமயக் கொள்கையில் அவரோடு மாறுபட்ட தரங்கம்பாடிப் பாதிரிமாரே 1738-இல் அதனை அச்சிட்டனர் என்பது வியப்பன்றோ! சொற்பொருள் காண 1732-இல் சதுரகராதி அமைத்தார். ஓலைச்சுவடிகளில் எகர ஏகாரங்கள் வேறுபாடின்றி மயங்கியதைக் கண்டு எழுத்தையும் திருத்தினார்.

இலக்கணமும் அகராதியும் ஆயின. முதற்கண் எதனைப் படிப்பது? தேம்பாவணியோ புதிதாகப் பயில்வோர்க்கு எட்டாதது. நம் பெருநூல்கள் பெரும்பாலும் செய்யுள். வீதியில் வழங்கும் பேச்சை அவை கற்பியா. முனிவர் தெரிந்தெடுத்தவை மக்கள் சொல்லி நகைக்கும் மூடர் கதைகள். அவையே பரமார்த்த குருவின் கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்போர் குருவின் சீடர்கள். ஆறு உறங்குகிறதா என அறியக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்ப்பர். கரையேறியபின் எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ண, ஒருவர் மாண்டார் எனப் புலம்புவர். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி விலைகொடுத்து வாங்குவர்.

நகைச்சுவைக்காக மட்டும் அவற்றை அவர் கொண்டாரல்லர். விலை பேசுதல், வழி கேட்டல், வழக்கிடுதல், அழுது அரற்றுதல் யாவும் அங்கே உள. அன்றாடம் வேண்டும் சொற்கள் மீண்டும் மீண்டும் வரும். இலத்தீன் மொழிபெயர்ப்பையும் முனிவர் உடன் சேர்த்தார். எண்ணத் தெரியாத மூடர் கதை இங்கிலாந்தில் கோத்தம் ஊராரைப் பற்றியும் வழங்குகிறது. ஆதலின் வந்தோர்க்குக் கதை புதிதன்று, மொழியே புதிது.

குரு என்னும் உயர்ந்த பெயரை நகைப்பிற்கு உரியதாக்கினார் என வருந்துவோர் உளர். வேற்றுச் சமயத்தார் செய்தமையின் அவ்வருத்தம் இயல்பே. ஆயினும் போலித் துறவியரை எள்ளி மகேந்திரவர்மப் பல்லவன் மத்தவிலாசம் என்னும் நாடகத்தை ஏழாம் நூற்றாண்டிலேயே இயற்றினான். அந்நகைப்பு நம் நாட்டிற்குப் புதியதன்று.

முனிவர் 1747-இல் மறைந்தார். பாபிங்டன் என்பார் 1822-இல் இக்கதைகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சிட்டார். துபுவா பாதிரியார் 1826-இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். கதைகள் முனிவரின் படைப்பே என்றார் முன்னவர்; முனிவரின் பெயரே அறியாத ஊர்களிலும் அவற்றைக் கேட்டதாகக் கூறி மறுத்தார் பின்னவர்.