துடைப்பம் ஏந்திய துறவி

மக்கள் உயிர் வாழ்வதற்கு உணவைக் காட்டிலும் முதன்மையாக வேண்டப்படுவது நீர். அந்நீர் தூயதாக இருத்தல் வேண்டும். தெருவிலும் குளக்கரையிலும் குவியும் கழிவுகள் மழைக்காலத்தில் கிணற்றிலும் குளத்திலும் கலக்கின்றன. அந்நீரைப் பருகுவோரை வாந்திபேதி முதலிய கொடு நோய்கள் பற்றுகின்றன. ஆதலால், ஊர் தூயதானாலன்றி நீர் தூயதாகாது. ஊர்த்தூய்மையின் தேவையை ஏட்டில் எழுதாமல், கையில் ஏந்திய துடைப்பத்தால் நாட்டுப்புற மக்களுக்கு உணர்த்தினார் ஒரு பெரியார். அவரே காட்கே பாபா.

மகாராட்டிர மாநிலத்து அமராவதி மாவட்டத்தில், சலவைத் தொழிலாளர் குடும்பம் ஒன்றில் 1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தேபுஜி. தந்தையார் குடிப்பழக்கத்திற்கு இரையாகி மாண்டார். சிறுவர் தேபுஜி, தாயாருடன் தாய்வழிப் பாட்டனார் வீட்டை அடைந்தார்; மாடு மேய்த்தும் வயலில் உழைத்தும் வளர்ந்தார். பள்ளியில் பயிலும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

1905-ஆம் ஆண்டில் அவர் இல்லத்தைத் துறந்தார். ஆனால், காட்டிற்குச் சென்று தவம் புரிந்தாரல்லர். ஊர்களை நாடியே சென்றார். கந்தல் ஒட்டிய ஆடையே அவர் உடை; உண்பதற்கும் பருகுவதற்கும் ஒரு மண்கலமே அவர் உடைமை. மராத்தி மொழியில் மண்கலத்தைக் குறிக்கும் சொல்லாலேயே மக்கள் அவரைக் காட்கே பாபா என்று அழைக்கலாயினர்.

ஓர் ஊரை அடைந்ததும் அவர் எவர் வீட்டையும் நாடமாட்டார். தெருவைப் பெருக்கத் தொடங்குவார். சாக்கடையில் தேங்கிய கசட்டை வாரி அகற்றுவார். துடைப்பம் தொடுவதை இழிவெனக் கருதி, அப்பணியைச் சில குலத்தார்மேல் சுமத்தியிருந்த காலம் அது. ஆகவே, அவரைப் பித்தர் என எண்ணியோரும் உண்டு. அவரோ அதனைப் பொருட்படுத்தவில்லை. உழைக்காமல் உண்பதை அவர் விரும்பியதுமில்லை.

மாலையில், தாம் தூய்மை செய்த ஊரிலேயே கீர்த்தனை நிகழ்த்துவார். எளிய வினாக்களைத் தொடுத்து, விடையை மக்கள் வாயிலிருந்தே வருவிப்பார். குடியும், கடனும், உயிர்ப்பலியும், தீண்டாமையும் ஒழிதல் வேண்டும்; குழந்தைகள் கல்வி பெறுதல் வேண்டும் என்பனவே அவர் அறிவுரைகள். காலையில் அவர் செய்த பணியைக் கண்டிருந்தமையால், மாலையில் அவர் கூறிய சொல் மக்கள் உள்ளத்திற் பதிந்தது. அவருடன் சேர்ந்து ஊரைத் தூய்மை செய்ய அவர்களும் முன்வந்தனர்.

அன்பர்கள் அளித்த பொருளில் ஒரு காசையும் அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. நாசிக், பண்டரிபுரம் முதலிய இடங்களில் ஏழை யாத்திரிகர் தங்க அறச்சாலைகள் எழுந்தன. பள்ளிகளும் மருத்துவ உதவி நிலையங்களும் தோன்றின. இவற்றையெல்லாம் எழுப்பியவர் தமக்கென ஒரு வீடு கட்டிக்கொண்டாரல்லர்! 1956-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20-ஆம் நாள், அமராவதிக்குச் செல்லும் வழியில் அவர் இயற்கை எய்தினார்.

2000-ஆம் ஆண்டில் மகாராட்டிர அரசு அவர் பெயரால் ஊர்த்தூய்மை இயக்கம் ஒன்றைத் தொடங்கி, தூய்மையிற் சிறந்த ஊர்களுக்குப் பரிசளித்தது. அரசு குழாய் அமைக்கலாம். கழிப்பிடமும் கட்டித் தரலாம். அவற்றைப் பேணிக் காப்பது ஊராரின் கடமையே ஆகும். தெருவைப் பெருக்குவது இழிவன்று. பிறர் பெருக்குவர் என்றெண்ணி அதனை மாசுபடுத்துவதே இழிவு. இதனை உணர்ந்து நம் ஊரையும் நீர்நிலைகளையும் தூய்மையாகக் காத்தலே, அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.