மண் வள அட்டையில் உள்ள ஓர் எண்ணின் கதை

உங்கள் மண் வள அட்டையை எடுத்துப் பாருங்கள். தழை, மணி, சாம்பல் சத்துகளோடு பி.எச். என்ற கார அமில நிலையும் இருக்கும். அந்த அளவுகோலைத் தந்தவர் டென்மார்க் நாட்டு வேதியியலாளர் சோரன்சன். 1868-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் படிக்கச் சென்று வேதியியலுக்கு மாறினார்.

1901-ல் கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேதியியல் பிரிவின் தலைவரானார். பீர் ஆலை அதிபர் ஒருவர் நிறுவிய ஆய்வகம் அது. கண்டறிந்த எதையும் மறைக்கக்கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. சோரன்சனுக்கு முன் அப்பொறுப்பில் இருந்தவர் கெல்டால். மண்ணிலும் தீவனத்திலும் தழைச்சத்தை அளக்க அவரது முறை இன்றும் பயன்படுகிறது.

சோரன்சன் நொதிகளை ஆராய்ந்தார். அமிலத்தன்மை சற்றே மாறினாலும் நொதிகளின் வேகம் மாறியது. எவ்வளவு அமிலம் ஊற்றினோம் என்பதைவிட, கரைசலில் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு இருக்கிறது என்பதே முக்கியம் என்று கண்டார். பிளாட்டினம் மின்முனையில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, உண்டாகும் மின்னழுத்தத்தைக் கொண்டு அதை அளந்தார்.

கிடைத்த அளவுகளோ மிகமிகச் சிறியவை. லிட்டருக்கு லட்சத்தில் ஒரு பங்கு, கோடியில் ஒரு பங்கு என்று வந்தன. 1909-ல் அவர் ஒரு எளிய வழி சொன்னார். பூஜ்யங்களை எண்ணுங்கள். லட்சத்துக்கு 5 பூஜ்யம் என்றால் பி.எச். 5. கோடிக்கு 7 பூஜ்யம் என்றால் பி.எச். 7. ஆகவே ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடுகிறது. 7-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் 100 மடங்கு!

அளவு மாறாத தாங்கல் கரைசல்களையும் அவர் வரையறுத்தார். எந்த ஊரில், யார் அளந்தாலும் ஒரே எண் வருவதற்கு இவை உதவின. 1939-ல் அவர் மறைந்தார்.

1970-ல் நெதர்லாந்தில் ஹைட்ரஜன் அயனியை உணரும் சிலிக்கான் சிப் உருவானது. இப்போது ஒரே சிப்பில் பல உணரிகளை வரிசையாக அமைத்து, பி.எச்.சுடன் பொட்டாசியம், நைட்ரேட் போன்றவற்றையும் அளக்க முடிகிறது. கருவி சுருங்கினாலும் அடிப்படை மாறவில்லை. அளப்பது மின்னழுத்தம்தான், அதை எண்ணாக மாற்ற அளவு தெரிந்த கரைசல் வேண்டும்.

எனவே, கையடக்க மீட்டர் வைத்திருப்பவர்கள் மண் கரைசலில் அதை வைக்கும் முன் 4, 7 அளவுள்ள தாங்கல் கரைசல்களில் சரிபார்க்க வேண்டும். களர் மண்ணாக இருந்தால் 9 அளவை ஒட்டிய கரைசலிலும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் முனையைச் சுத்தமான நீரில் கழுவுங்கள். தவறான 8.7-ஐ நம்பி ஜிப்சம் வாங்கினால் பணம் வீண். பி.எச். எண்ணை மட்டும் வைத்து ஜிப்சம் அளவை முடிவு செய்யாமல், மண் பரிசோதனை நிலையத்தில் ஜிப்சம் தேவையைக் கேட்டுப் பெறுங்கள்.