பல்லாவரத்துக் கல்லைக் கண்ட அறிஞர்

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் மின்தொடர் வண்டியில் நாள்தோறும் பல்லாயிரவர் பல்லாவரத்தைக் கடக்கின்றனர். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அவ்வூரில்தான் தொடங்கிற்று என்பதை அறிந்தோர் சிலரே. அதனைத் தொடங்கி வைத்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட்.

இங்கிலாந்தில் செல்டன்காம் நகரில் 1834-ஆம் ஆண்டு பிறந்த ஃபூட், 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். பாறைகளை ஆய்ந்து நிலப்படம் வரைவதே அவர்தம் பணி. அக்காலத்தில் ஐரோப்பிய அறிஞரிடையே பெரியதொரு விவாதம் நிகழ்ந்தது. பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றுப் படுகையில், அற்றுப்போன விலங்குகளின் எலும்புகளோடு கிடைத்த கற்கள் ஆதிமனிதன் செய்த கருவிகளே என்று பூஷே தெ பெர்த் பல்லாண்டுகள் கூறிவந்தார், ஏற்பார் அரியராயினர். 1859-இல் பிரெஸ்ட்விச், எவன்ஸ் என்னும் இருவர் நேரிற் சென்று ஆய்ந்து அது மெய்யே என உறுதிசெய்தனர். இச்செய்தி ஃபூட்டின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அத்தகைய கருவிகள் இம்மண்ணிலும் இருத்தல் கூடும் என்று அவர் தேடலானார்.

1863 மே 30-ஆம் நாள், பல்லாவரம் படைத்திடலில் சரளைக்காகத் தோண்டிய குழியொன்றின் அருகே, வெளியே கொட்டப்பட்டிருந்த கற்களிடையே ஒரு கல் அவர் கண்ணிற் பட்டது. நீரோட்டத்தில் உருண்ட கல் வழவழப்பாக இருக்கும். இதுவோ சில்லுகள் பெயர்க்கப்பட்டுக் கருவியாக்கப்பட்டிருந்தது. கைதான் அதனைச் செய்தது என்று உணர்ந்தார். ஆயினும் ஒரு கல்லோடு அவர் அமையவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்பாருடன் கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். 1866-இல் தம் முடிவுகளை வெளியிட்டார்.

1891-இல் ஓய்வு பெற்ற பின்னரும் அவர் தேடல் ஓயவில்லை. அவர் வாழ்நாளெல்லாம் திரட்டிய தொல்பொருள்கள் 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 1912-இல் அவர் மறைந்தார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளுள் மிகப் பழையன ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்று சாந்தி பப்பு முதலானோர் 2011-இல் நிறுவினர்.

இவ்வரலாறு நமக்கு உரைப்பது யாது? அக்குழியைத் தோண்டிய உழைப்பாளியின் மண்வெட்டியே அக்கல்லை முதலில் வெளிக்கொணர்ந்தது. கல் அவர்முன்னும் கிடந்தது. ஃபூட்டின் முன்னும் கிடந்தது. ஃபூட்டுக்கு மட்டும் அது பேசிற்று. பிறப்பால் வந்த சிறப்பன்று அது. கற்ற கல்வியும், எதனைத் தேடுகிறோம் என்ற தெளிவுமே காரணம். கண் எல்லார்க்கும் உண்டு. காணக் கற்பிப்பது கல்வி. அக்கல்வி தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டோர் கூட்டத்தில் எத்தனை கண்டுபிடிப்பாளர் மண்ணோடு மண்ணாயினரோ!

அக்கல்லைச் செதுக்கிய கைகட்குச் சாதி இல்லை. சாதி என்னும் சொல்லே தோன்றாத காலம் அது. மண்ணைத் தோண்டும் கையும் மண்ணைப் படிக்கும் கண்ணும் ஒருவரிடமே அமையும் நாளை உருவாக்குவதே நம் கல்விக் கழகத்தின் கடமை. நம் சிறுவர் சிறுமியர் எழும்பூர் அருங்காட்சியகம் சென்று அக்கற்கருவிகளைக் கண்டு வருக; அடுத்த கல் அவர்களிடம் பேசட்டும்.