சீர்காழி தந்த நூலக மேதை

பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களிலும் பெரும்பணி ஆற்றிய தமிழர் சிலருள், நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதன் ஒருவர். அவர்தம் சரிதையை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

1892-ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த இவர், கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்று, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராய் விளங்கினார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். மாணவரிடையே பழகியவருக்கு நூலகத்தின் தனிமை சில நாட்களிலேயே சலித்தது. பழைய பணிக்கே திரும்ப விழைந்தார். லண்டன் சென்று பயின்ற பின்னும் மனம் ஒப்பாவிடில் திரும்பலாம் என்று கூறப்பட்டதால் கப்பலேறினார்.

அங்கே நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களைக் கண்டார். அவற்றின் குறையையும் கண்டார். அக்காலப் பகுப்பு முறைகள் அறிவை முன்கூட்டியே வகுத்த அறைகளில் அடைத்தன. இரு துறைகளைத் தழுவிய நூல் ஓர் அறையில் ஒடுங்கி, மற்றத் துறையினர் கண்ணுக்கு மறைந்தது. குவியும் தாள்களிடையே வேண்டிய ஒன்றைத் தேடி அலுக்கும் குமாஸ்தாக்களாகிய நாம் இத்துன்பத்தை நன்கறிவோம். தேடிக் கிடைக்காத தாள் இல்லாத தாளே அன்றோ!

ஒரு நாள் லண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமானைக் கண்டார். அதே துண்டுகளை வெவ்வேறு விதமாய் இணைக்க, வெவ்வேறு பொம்மைகள் உருவாயின. அறிவையும் இவ்வாறே கூறுகளாக்கி இணைக்கலாமே என்ற எண்ணம் உதித்தது. 1925-இல் தாயகம் மீண்டவர் மீண்டும் கல்லூரிப் பணியை நாடவில்லை. 1933-இல் அவரது கோலன் பகுப்பு முறை வெளியாயிற்று. நெற்பயிரின் நோய்த்தடுப்பு பற்றிய நூலெனில், பயிர், நோய், தடுப்பு என்னும் முகங்களைத் தனித்தனியே குறித்து, முக்காற்புள்ளியால் இணைத்தார். எம்முகத்தை நாடி வருவோரையும் நூலிடம் சேர்ப்பதே அவர் நோக்கம்.

1945 முதல் காசி இந்து சர்வகலாசாலையிலும், 1947 முதல் தில்லியிலும் பணியாற்றினார். 1956-இல் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர் பதவிக்கென வழங்கினார். 1962-இல் பெங்களூரில் ஆவணவியல் ஆய்வுப் பயிற்சி மையத்தை நிறுவினார். 1972-இல் அந்நகரிலேயே அமரரானார்.

இன்று ஒன்றோடொன்று இணைந்த கணினிகளில் செய்தி வெள்ளமெனப் பெருகுகின்றது. பொருள், இடம், காலம், மொழி என முகம் முகமாகத் தேர்ந்து தேடும் முறையே அவ்வெள்ளத்தில் தெப்பமாகின்றது. அம்முறைக்கு ரங்கநாதனை முன்னோடியாக அறிஞர் போற்றுகின்றனர். நம் காலனிப் பிள்ளைகள் கணினியில் வேண்டியதை நொடியில் எடுக்கும்போது, முக்காற்புள்ளியால் அறிவை இணைத்த அச்சீர்காழித் தமிழரின் பெயரையும் அறிந்திருத்தல் நலம்.