பாதை, கிணறு, பள்ளிக்கூடம்: இரட்டைமலை சீனிவாசனின் சமூகப் பார்வை

ஒரு மாணவர் மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே தனியாக இருந்து படிப்பார். மணி அடித்ததும் வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் யாரோடும் விளையாடாமல் வேகமாக வீட்டுக்கு நடப்பார். பார்ப்பவர்கள் கூச்ச சுபாவம் என்று நினைத்திருக்கக்கூடும். ஆனால், ஊர் எது, உறவினர் யார், குடியிருப்பு எங்கே என்று சக மாணவர்கள் கேட்டால் சாதி தெரிந்துவிடும், தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள் என்ற அச்சமே காரணம்.

கோவையில் படித்த அந்த மாணவர்தான் இரட்டைமலை சீனிவாசன். நம் செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் 1859 ஜூலை 7 அன்று பிறந்தவர்.

ஒருவர் ஒதுங்கி நிற்பதற்கான காரணத்தை அவருடைய குணத்தில் மட்டும் தேடாதே, அவரைச் சுற்றியுள்ள சமூகத்திலும் தேடு என்பதே சமூகவியலின் முதல் பாடம். சீனிவாசன் அதைக் கல்லூரியில் கற்கவில்லை. வாழ்க்கையே கற்றுக்கொடுத்தது.

நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றிய பின் அவர் சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் தலைப்பில் நிமிர்த்தி வைத்தார். ஏழாண்டுகள் வெளிவந்த அந்த இதழ், சேரி மக்களின் குறைகளை அரசின் காதுக்குக் கொண்டுபோனது.

அதே ஆண்டில் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. சீனிவாசனோ அதை எதிர்த்து 3,412 பேரின் கையெழுத்தோடு லண்டனுக்கு மனு அனுப்பினார். பள்ளி வாசலையே மிதிக்க முடியாத மக்கள் இருக்கும் நாட்டில் தேர்வு நடந்தால் யார் தேறுவார்கள், யார் அதிகாரியாக வந்து யாரை ஆள்வார்கள் என்பதே அவருடைய வாதம். சமமற்ற சமூகத்தில் பொது விதி எல்லோருக்கும் பொதுவாக இருப்பதில்லை என்பதை 130 ஆண்டுகளுக்கு முன்பே அவர் கண்டுகொண்டார்.

1900-ல் கடல் கடந்தவர் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். நாடு திரும்பி 1923-ல் சென்னை மாகாண சட்டசபை உறுப்பினரானார். அடுத்த ஆண்டே, பொதுத் தெரு, பாதை, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாம் எல்லா வகுப்பாருக்கும் பொது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1924-லேயே அது அரசாணையானது.

லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு கலந்துகொண்டபோது அவருக்கு வயது 71. அங்கே மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தீண்டாமை என்றால் என்ன என்று கேட்டாராம். தெருவில் ஒருவன் விழுந்து கிடந்தாலும் உயர்சாதியார் தொட்டுத் தூக்கமாட்டார்கள் என்று விளக்கியிருக்கிறார். தத்துவமாகப் பேசாமல், அன்றாடம் நடப்பதைச் சொல்லிப் புரியவைத்தார். 1945 செப்டம்பர் 18-ல் மறைந்தார்.

பாதை பொது என்ற ஆணை வந்து நூறாண்டு கடந்துவிட்டது. இன்று சிறுசேரியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. அதன் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்து வியப்பதோடு நாம் நிற்கக் கூடாது. உள்ளே கணினி முன் அமர்பவர் யார், வாசலில் காவல் நிற்பவர் யார், கழிவறை கழுவுபவர் யார்? இந்த நிலம் முன்பு யார் கையில் இருந்தது, யார் உழுதார்கள், விற்றபோது பணம் யாருக்குப் போனது? நம் ஊர்ச் சுடுகாட்டுக்குப் பாதை உண்டா? எத்தனை பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு நின்றார்கள், ஏன்?

மாணவர்களே, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுங்கள். தலையெழுத்து என்று ஊர் சொல்வதில் எவ்வளவு மனிதர் செய்த ஏற்பாடு என்பது அப்போது தெரியும். மனிதர் செய்ததை மனிதர் மாற்ற முடியும். எழுதியதை மனுவாக்கிக் கிராம சபையில் வையுங்கள். சீனிவாசன் செய்ததும் அதைத்தான்.