ஆசிரியர் ஊ தாண்ட்

பாடசாலையிலே தொடங்கி உலகப் பொதுமன்றத்தின் தலைமைப் பணிவரை உயர்ந்த வாழ்வொன்றை இம்மலரிலே சுருங்கக் கூற விழைகின்றோம். அது பர்மா தேசத்து ஊ தாண்ட் அவர்களின் வாழ்வாகும். ‘ஊ’ என்பது அந்நாட்டார் பெரியோர்க்கு வழங்கும் மரியாதைச் சொல். ‘தாண்ட்’ என்பதொன்றே அவர் பெயர்.

ஐராவதி நதிக் கழிமுகத்துப் பந்தனோ என்னும் சிற்றூரிலே 1909ஆம் ஆண்டு சனவரி 22ஆந் திகதி பிறந்த அவர், ஆண்மக்கள் நால்வருள் மூத்தவர். 14 வயதிலே தந்தையை இழந்தார். தந்தை வைத்த பொருள் பிணக்கிலே சிக்குண்டமையாற் குடும்பம் நலிந்தது. ஆதலின் இரங்கூன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே பட்டம்பெறும்வரை தங்காது, ஈராண்டுக் கல்வியோடு ஊர் மீண்டு, தாம் கற்ற பாடசாலையிலேயே ஆசிரியரானார். ஆசிரியர் தேர்விலே நாடு முழுவதற்கும் முதல்வராகத் தேறி, 22 வயதளவிலே தலைமையாசிரியராயினார்.

அங்கு உடன் பணியாற்றிய நண்பர் ஊ நூ சுதந்திர பர்மாவின் பிரதம மந்திரியானபோது, தாண்ட் அவர்க்குச் செயலாளராய் உதவினார். இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகள் கூட்டிய 1955ஆம் ஆண்டுப் பாண்டுங் மாநாட்டிலும் பணிபுரிந்தார். 1957இல் ஐக்கிய நாடுகள் சபையிலே தம் நாட்டுப் பிரதிநிதியானார். 1961 செப்ரெம்பரில் ஹமர்ஷீல்ட் விமான விபத்திலே மாண்டபின், நவம்பர் 3ஆந் திகதி பதிற்செயலாளர் நாயகமாகத் தெரிவு செய்யப்பட்டார். அப்பதவியை ஏற்ற முதல் ஆசியர் அவரே.

அடுத்த ஆண்டு ஒக்ரோபரிலே, கியூபாவில் வைத்த ஏவுகணைகளால் உலகம் அணுப்போரின் விளிம்பிலே நின்றது. 24ஆந் திகதி அவர் கென்னடிக்கும் குருசேவுக்கும் ஒரே வகையான வேண்டுகோளை விடுத்தார். பகைவனுக்குப் பணிதல் இழுக்கு. நடுவர் வேண்டுகோட்கு இணங்குதல் இழுக்கன்று. படையொன்றுமில்லாத அவர் இருவருக்கும் திறந்த வழி இதுவே. நெருக்கடி தணிந்தபின் ஹவானாவுக்கும் தாமே சென்று கஸ்ரோவுடன் பேசினார்.

எல்லா முயற்சியும் கைகூடிற்றில்லை. வியட்நாம் போரை நிறுத்த அவர் செய்த ஏற்பாடுகள் பயன்படவில்லை. 1967 மே மாதத்தில் எகிப்து கேட்டவாறு அமைதிப்படையை மீட்டார். சூன் 5ஆந் திகதி போர் மூண்டது. பலர் அவரைப் பழித்தனர். எகிப்தின் உடன்பாட்டின்மேல் நின்ற படை அவ்வுடன்பாடு நீங்கியபின் நிற்றல் அரிது என்பதே எம் கருத்து. ஆயினும் சிறிது காலந் தாழ்த்தியிருக்கலாகாதோ என்னும் வினா எழாமலில்லை.

1971இன் முடிவிலே ஓய்வுபெற்ற அவர் 1974 நவம்பர் 25ஆந் திகதி நியூயோர்க்கிலே காலமானார். இரங்கூனுக்குக் கொணர்ந்த உடலுக்கு நே வின் அரசு அரச மரியாதை அளிக்கவில்லை. டிசம்பர் 5ஆந் திகதி மாணவர் பேழையைத் தம் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் சென்றனர். மாணவர் சங்கம் முன்னிருந்த நிலத்திலே அடக்கினர். 11ஆந் திகதி படையினர் புகுந்து உடலைக் கைப்பற்றினர். அதனையொட்டிய கலவரத்தில் உயிர்நீத்தாரும் உளர். இன்று அவர் துயில்வது சுவேதகோன் தாதுகோபத்துக்கு அணித்தாகும்.

மாணவர்காள்! அரசு மறுத்த சிறப்பை உங்கள் வயதினரே அவருக்கு அளித்தனர். ஆசிரியராய் வாழ்வைத் தொடங்கிய ஒருவர்க்கு இதனினும் பெரிய பேறு யாதென நாம் அறியோம்.